'காட்சித்தாள்' வேண்டாம், 'படவில்லை' இருக்கட்டும்

அன்புடையீர், வணக்கம்.

பேச்சின்போது திரையில் காட்டும் ஸ்லைடைக் குறிக்கும் 'படவில்லை' பழையதாகிவிட்டது, இனி 'காட்சித்தாள்' எனலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. ஸ்லைடு என்று முன்பு வழங்கிய, சிறு சட்டகத்தில் பொருத்திய ஃபிலிம் துண்டு வழக்கொழிந்துவிட்டது என்பது உண்மையே. ஆயினும் கற்பூர வில்லை, அஞ்சல் வில்லை என்று சிறிய, தட்டையான துண்டு எதையும் வில்லை என்று சொல்லும் மொழியில், அச்சொல் ஃபிலிமோடு சேர்ந்து மறைய வேண்டிய கட்டாயம் இல்லை.

வரலாறு தாளின் பக்கம் சற்றுச் சாய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1987-இல் மெக்கின்டோஷ் கணினிக்கு வந்த பவர்பாயின்டின் முதல் பதிப்பு, ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் ஒளிபுகு தாள்களுக்கான கறுப்பு வெள்ளைப் பக்கங்களையே உருவாக்கியது; வண்ண ஸ்லைடுகளுக்கான வசதி அடுத்த பதிப்பில்தான் சேர்ந்தது.

என் மறுப்பு பயன்பாடு பற்றியது. தாள் என்றவுடன் அதை எழுதி நிரப்பத் தோன்றும். அவையோர் அதைப் படிக்கத் தொடங்குவார்கள். படிக்கும்போது பேச்சு காதில் ஏறாது. திரையில் உள்ள வரிகளையே பேச்சாளரும் வாசித்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

பேச்சுக்குத் துணையாக வேண்டியதை ஆவணமாகவும் பயன்படுத்தியதன் விளைவுக்கு நாசாவின் கொலம்பியா விண்ணோடத்தைவிடக் கடுமையான சான்று தேவையில்லை. 2003 ஜனவரியில் விண்ணோடம் புறப்பட்டபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டு இடது இறக்கையில் மோதியது. அதன் பாதிப்பை ஆராய்ந்த பொறியாளர்கள் தம் முடிவுகளைப் படவில்லைகளில் அளித்தனர். அவற்றுள் ஒன்றின் தலைப்பு நிலைமை பாதுகாப்பானது என்ற எண்ணத்தைத் தந்தது. சோதனைகளில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கருதப்பட்டதோ 1920 கன அங்குலம் என்ற செய்தி, உள்ளுக்குள் உள்ளாகத் தள்ளி எழுதிய வரிகளின் அடியில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று விண்ணோடம் சிதைந்து ஏழு பேர் இறந்தனர். விபத்தை ஆராய்ந்த குழு, உயர் அலுவலர் ஒருவர் அந்த வில்லையைப் படித்தும் உயிராபத்தை உணராமல் போவது எளிது என்று எழுதியதோடு, தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாகத் தமக்கும் இத்தகைய வில்லைகளே தரப்பட்டதைக் கண்டித்தது.

ஆகவே இரண்டையும் பெயரிலேயே பிரித்துவிடலாம். திரையில் காட்டுவது படவில்லை. அவையோர் கையில் கொடுத்து, பிறகு ஆற அமரப் படிக்கச் சொல்வது கைத்தாள். தாள் என்ற சொல்லுக்கு உரிய இடம் அதுவே. பேசுபவர் மட்டும் பார்ப்பது உரைக்குறிப்பு. வில்லைகளின் வரிசையை 'வில்லைத்தொடர்' எனலாம். 'தொகுப்பு' என்றால் எதை முன்னே வைப்பது என்ற கவலை தொனிக்கவில்லை.

பிரசன்டேசனுக்கு வருகிறேன். 'நிகழ்த்துகை' ஆடலுக்கும் நாடகத்துக்கும் சேர்த்துப் பொருள்படுகிறது. 'முன்வைப்பு' கோரிக்கைக்கும் திட்டத்துக்கும் வேண்டியிருக்கிறது. நான் முன்மொழிவது 'காட்சியுரை'. இத்தகைய தொகைச்சொல்லில் பின்னால் நிற்பதே தலைமைச் சொல் ஆதலால், உரையே முதன்மை, காட்சி அதற்கு அடை என்பது சொல்லிலேயே அமைந்துவிடுகிறது. 'படவில்லைக் காட்சி' இதைத் தலைகீழாக்குகிறது. உரை என்பது பதவுரை, விளக்கவுரை போல நூலுக்கு எழுதுவதாகப் பொருள்படாதா என்று ஐயா ஒருவர் கேட்கக்கூடும். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று மேடைதோறும் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் குழப்பம் வராது என்றே கருதுகிறேன். பேசுபவர் 'காட்சியுரையாளர்' ஆவார். சொல் சற்று நீளம்தான்.

ஒரு வில்லை போய் அடுத்தது வருகையில் திரையில் தோன்றும் விளைவுக்கு மட்டும் நிறைவான சொல் எனக்கு அகப்படவில்லை. 'திரைமாற்றம்' நாடக மேடையை நினைவூட்டுகிறது. வெறும் 'மாற்றம்' எதையும் குறிக்கும். பொருத்தமான சொல் வைத்திருப்பவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.