பரீட்சை மண்டபத்துக் கைத்தொலைபேசியும் மைதானத்துப் பிறவித் திறமையும்: எமது அனுபவங்கள்

கணித ஆசிரியர், வலிகாமம்

உயர்தர வகுப்புகளுக்கு இணைந்த கணிதம் கற்பிக்கிறேன்; பின்னேரங்களில் உயரம் பாயும் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக நிற்கிறேன். வகுப்பில் காணும் முகங்களையே மைதானத்திலும் காண்கிறேன். அதனால், பரீட்சையில் கைத்தொலைபேசியின் துணையோடு விடை எழுதுவதையும் விளையாட்டில் பிறவித் திறமை என்று பேசப்படுவதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியவனாக இருக்கிறேன்.

கடந்த ஆண்டுத் தவணைப் பரீட்சை ஒன்றில், எல்லை காணும் கணக்கொன்றுக்கு ஒரு மாணவன் இரண்டே வரிகளில் சரியான விடை எழுதியிருந்தான். தொகுதியைத் தனியாகவும் பகுதியைத் தனியாகவும் வகையிட்டு, பூச்சியத்தைப் பிரதியிட்டு முடித்திருந்தான். அது லோப்பித்தாலின் விதி. அந்த விதியை நாங்கள் வகுப்பில் கற்பிப்பதில்லை. கணக்கைச் சுருக்கி, தெரிந்த திரிகோணகணித எல்லை ஒன்றுக்குக் கொண்டுவந்து செய்வதே எங்கள் முறை. கற்பிக்காத ஒன்றை ஒரு பிள்ளை தானே தேடிப் படித்திருந்தால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறு இல்லை. ஆனால் அடுத்த வினாவில் இரண்டு சார்புகளின் பெருக்கத்தை வகையிடும் சாதாரண விதியையே அவன் பிழையாக எழுதியிருந்தான்.

அவனைத் தனியே அழைத்து, "தம்பி, இந்த முறையை எங்கே படித்தீர்?" என்று கேட்டேன். சிறிது நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றானே தவிர, அவன் எதையும் மறைக்கவில்லை. வினாத்தாளை மேசைக்குக் கீழே வைத்துப் படம் எடுத்ததாகவும், கழிப்பறைக்குப் போய்ச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் விடையைப் பெற்று, மனனம் செய்துகொண்டு வந்து எழுதியதாகவும் சொன்னான். அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் என்னைத் தைத்தது: "எனக்குக் கணக்கு வராது சேர். அது பிறக்கேக்கயே மூளையில இருக்கவேணும்."

இதே பிள்ளை ஒரு தவணை முழுவதும் 1.70 மீற்றரில் தடியைத் தட்டிக்கொண்டிருந்தான். இடுப்பும் தொடையும் தாண்டிவிடும். கடைசியில் குதிக்கால் பட்டுத் தடி விழும். மெத்தையிலிருந்து எழும்பி வந்து, ஓட்டம் தொடங்கும் இடத்தில் வைத்திருந்த செங்கட்டித் துண்டை ஒரு பாதம் பின்னுக்கு நகர்த்தி வைத்துவிட்டு மீண்டும் ஓடுவான். பாய்வதைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கும்படி நண்பனிடம் கொடுத்து, அதை மெதுவாக ஓடவிட்டு, கால் எந்த இடத்தில் தாழ்கிறது என்று இருவரும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு உயரம் பாய்தல் வராது என்று ஒரு நாளும் அவன் சொன்னதில்லை. தன் பிழையைப் பார்ப்பதற்கு மைதானத்தில் எடுத்த அதே கருவியைத்தான் பரீட்சையில் பிழையை மறைப்பதற்கு எடுத்திருக்கிறான்.

இதை வைத்துக்கொண்டு, பிறவித் திறமை என்று ஒன்றில்லை, எல்லாம் முயற்சியே என்று சொல்ல நான் வரவில்லை, அது உண்மையல்ல. 2004 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சுவீடன் நாட்டு ஸ்டெஃபான் ஹோல்ம் சிறு வயது முதல் உயரம் பாய்தலுக்கென்றே வாழ்ந்தவர். உயரம் 1.81 மீற்றர், அந்தப் போட்டிக்கு அது குறைவு. 2007 இல் ஒசாக்காவில் நடந்த உலகப் போட்டியில் அவர் நான்காம் இடத்துக்குப் போக, 2006 இல்தான் இந்த விளையாட்டைத் தொடங்கியிருந்த பஹாமாஸ் நாட்டு டொனால்ட் தோமஸ் 2.35 மீற்றர் பாய்ந்து தங்கத்தை எடுத்துச் சென்றார். பிறப்பு கொடுத்த நீண்ட கால்களுக்கும் தசைநாரின் விசைக்கும் பங்கில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னால், அவர்கள் என்னை நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. அதேவேளை, அந்த நான்காம் இடத்திலும் ஹோல்ம் பாய்ந்தது 2.33 மீற்றர் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உயரம் பாய்தலில் நான் மிகவும் மதிக்கும் விதி ஒன்றுண்டு. தொடர்ந்து மூன்று முறை தவறினால் போட்டி முடிந்தது. ஆகவே தங்கம் வென்றவரும்கூட, அடுத்த உயரத்தைக் கேட்டுப் பாய்ந்தால், பெரும்பாலும் தடியைத் தட்டித்தான் அன்றைய நாளை முடிக்கிறார். எங்கள் பெரியவிளானில் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேணிலும் ஒலிம்பிக் களம் கண்டு, பதக்கமில்லாமல் திரும்பி, 1958 இல் தோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். அவருடைய பெயரைச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு 1958 ஐ மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோமே என்பது என் நெடுநாள் மனக்குறை.

அந்த மாணவனுக்கு அந்த வினாவுக்குரிய புள்ளிகளை நான் கொடுக்கவில்லை, அதிபருக்கும் அறிவித்தேன். இப்போது வாரத்தில் ஒரு பாடவேளையில், எல்லா மாணவரும் தங்களால் முடிக்க முடியாத கணக்கை, முடியாமற்போன இடம் வரை கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். அதற்குப் புள்ளி கிடையாது. தொடக்கத்தில் எவரும் எழும்பி வரவில்லை. இப்போதும் வருபவர்கள் சிலர்தான்.

ஓய்வுபெற்ற பரீட்சை மேற்பார்வையாளர், வடமராட்சி

ஆசிரியர் எழுதியதை வாசித்தபோது, திறமை தனக்கு இல்லை என்று நம்பிய பிள்ளையைக் கண்டேன். என்னிடம் அகப்பட்டவர்களில் திறமை உள்ளவர்களே என்னை அதிகம் வருத்தினார்கள்.

பொதுப் பரீட்சை மண்டபங்களில் நான் கடமையைத் தொடங்கிய காலத்தில், துண்டுக் காகிதத்தையும் உள்ளங்கையில் எழுதிய சூத்திரத்தையுமே தேடிக்கொண்டிருந்தோம். பின்னர் காதுக்குள் அடங்கும் புளூடூத் கருவியும், செய்தி வாசிக்கக்கூடிய கைக்கடிகாரமும் வந்தன. சட்டம் பழையது, 1968 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டத்தின் கீழேயே இன்றும் நடவடிக்கை எடுக்கப்படுகிறது. ஒருமுறை, நல்ல பெறுபேறு எடுப்பான் என்று ஊரே எதிர்பார்த்த ஒரு பிள்ளையின் சட்டைக் கைக்குள், முழங்கைக்குச் சற்றுக் கீழே ஏற்றிக் கட்டிய அத்தகைய கடிகாரத்தை நோக்குநர் ஒருவர் கண்டுபிடித்தார். அதில் இருந்தவை அவனே சுருக்கி எழுதிய குறிப்புகள். நாங்கள் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் குறிப்புகள் முழுவதையும் அவன் மனப்பாடமாகச் சொன்னான். கருவி அவனுக்குத் தேவையே இருக்கவில்லை. முதற் தடவையிலேயே மருத்துவபீடம் என்ற வீட்டாரின் பேச்சை அவனால் தாங்க முடியவில்லை என்பதே காரணம்.

விளையாட்டிலும் இதை ஒத்த சம்பவம் நடந்திருக்கிறது. 1976 இல் மொன்றியல் ஒலிம்பிக்கில், ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லன் போட்டியின் வாள்வீச்சில், சோவியத் வீரர் போரிஸ் ஒனிஷ்சென்கோ எதிராளியைத் தொடாத வேளையிலும் புள்ளி விளக்கு எரிந்தது. பிரித்தானிய அணி முறையிட்டது. வாளைக் கழற்றிப் பார்த்தபோது, நினைத்த நேரத்தில் விளக்கை எரியவைக்கும் மின்சுற்றை மூடுவதற்கு அதன் பிடிக்குள் ஓர் ஆளி மறைத்துப் பொருத்தப்பட்டிருந்தது. அவர் வெளியேற்றப்பட்டார், அவருடைய அணியும் போட்டியை இழந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மியூனிக்கில் அதே போட்டியில் தனிநபர் வெள்ளிப் பதக்கம் வென்றவர் அவர் என்பதை நினைக்கும்போதுதான் மனம் கனக்கிறது.

இந்த விடயத்தை யாழ்ப்பாணத்துப் பெற்றோர் இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்ட அடிப்படையிலும், மிகுதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. மாவட்டத்துக்குரிய இடங்களுக்காக எங்கள் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே போட்டியிடுகிறார்கள். களவாக எடுத்த ஒரு புள்ளி, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியை உயர்த்தும்போது கீழே தள்ளப்படுவது எங்கோ உள்ள யாரோ ஒருவர் அல்லர்; அதே தனியார் வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளையாகவும் இருக்கலாம். ஓட்டத்தில் வெடி கேட்க முன்னர் ஒருவன் பாய்ந்துவிட்டால் எல்லோரையும் திருப்பி அழைத்து நிறுத்துகிறோம். பரீட்சையில் அப்படித் திருப்பி அழைக்க வழியில்லை.

மெய்வல்லுநர் பயிற்றுநர், தென்மராட்சி

தொழில்நுட்பம் முழுவதையும் குற்றவாளியாக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சிறிது எழுதுகிறேன். நான் கோலூன்றிப் பாய்தல் பயிற்றுவிப்பவன். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனைகளைப் புதுப்பித்த நாளிலிருந்து, வடக்கில் இந்த விளையாட்டுக்குப் பிள்ளைகள் விரும்பி வருகிறார்கள். இதில் கோலே ஒரு தொழில்நுட்பம். மூங்கிற் கோலோடு 1942 இல் கோர்னேலியஸ் வார்மர்டாம் பாய்ந்த 4.77 மீற்றர் சாதனை 1957 வரை அசையாமல் நின்றது. கண்ணாடியிழைக் கோல் பரவிய பின்னர், 1963 இலேயே 5 மீற்றர் எட்டப்பட்டது. அதை எவரும் களவு என்று சொல்லவில்லை, ஏனென்றால் அந்தக் கோல் எல்லோருக்கும் பொதுவாக அனுமதிக்கப்பட்டது. மாறாக, 2009 இல் ரோமில் நடந்த உலக நீச்சற் போட்டியில் புதுவகை நீச்சலுடைகளோடு 43 உலக சாதனைகள் விழுந்தபோது, அடுத்த ஆண்டே அந்த உடைகள் தடைசெய்யப்பட்டன. வீதி ஓட்டக் காலணியின் அடித்தடிப்பு 40 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது என்று 2020 இல் விதி எழுதினார்கள்.

ஒவ்வொரு கருவிக்கும் எல்லை எது என்று விளையாட்டுத்துறை உட்கார்ந்து பேசி, அளவோடு எழுதி வைக்கிறது. ஒப்படை ஒன்றைக் கொடுக்கும்போது, எந்த அளவுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம் என்று எங்கள் பாடசாலைகளில் எத்தனை பேர் பிள்ளைகளுக்கு எழுத்தில் கொடுக்கிறோம்? தகவல் தேடலாமா, வசனத்தைத் திருத்தலாமா, மொழிபெயர்க்கலாமா என்று தெரியாமலேயே பல பிள்ளைகள் எல்லையைத் தாண்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு தாய், நல்லூர்

பயிற்றுநர் தம்பி கேட்ட கேள்வியின் மறுபக்கத்தை என் வீட்டில் அனுபவித்தேன். என் மகள் சிறு வயதிலிருந்தே நிறைய வாசிப்பவள். பத்தாம் தரத்தில், பனையோடு எங்கள் வாழ்வு பின்னிக்கிடப்பதைப் பற்றிக் கட்டுரை ஒன்றை எழுதிக் கொடுத்தாள். இது பிள்ளை எழுதிய தமிழாக இல்லை, இயந்திரம் எழுதியது என்று சொல்லி, வகுப்பின் முன்னிலையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் சீருடைகூட மாற்றாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏமாற்றும் பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசிரியர்களின் கவலையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நன்றாகச் செய்வதையே சந்தேகத்துக்குக் காரணமாக்கினால், உண்மையாக உழைக்கும் பிள்ளை எங்கே போவாள்?

பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மான்டிரான்டாவைப் பற்றி என் கணவர் அவளுக்குச் சொன்னார். 1960களில் ஒலிம்பிக் பதக்கங்கள் ஏழு வென்ற அவருடைய இரத்தத்தில் சிவப்பணுக்கள் வழக்கத்துக்கு மிஞ்சி இருந்தன. இரத்தத்தில் ஏதோ மோசடி செய்கிறார் என்ற பேச்சு நெடுநாள் அவரைத் தொடர்ந்தது. அவருடைய குடும்பத்தில் பலருக்கும் பிறப்பிலேயே ஒரு மரபணு மாற்றம் இருந்ததையும், அதனாலேயே சிவப்பணுக்கள் மிகுந்திருந்ததையும் 1993 இல்தான் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். விளையாட்டில் இரத்தத்தைச் சோதிக்கவாவது வழி இருந்தது. எழுத்துக்கு அப்படியொரு நம்பகமான சோதனை இன்னும் இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க வெளியிட்ட கருவியை, அதன் துல்லியம் போதாது என்று 2023 யூலையில் விலக்கிக்கொண்டது. அதுவும் ஆங்கில எழுத்துக்கென்றே பரிந்துரைக்கப்பட்ட கருவி.

மறுநாள் நான் மகளின் வரைவுக் கொப்பியை எடுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். முதற் பந்தியை அவள் பலமுறை மாற்றி எழுதியிருந்தாள். கருப்பநீர் இறக்குவதைப் பற்றிய ஒரு வசனத்தை வெட்டி, ஓரத்தில் அம்மம்மாவிடம் கேட்க வேண்டும் என்று குறித்து, அடுத்த பக்கத்தில் வேறு மையில் திருத்தி எழுதியிருந்தாள். ஆசிரியை அந்தப் பக்கங்களைப் பொறுமையாக வாசித்தார். பிறகு மகளை அழைத்து, தான் சொன்னது பிழை என்று அதே வகுப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் என்றும் நன்றியுடையவள்.

இப்போது அந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வரைவையும் சேர்த்தே ஒப்படைக்கிறார்கள். வெட்டித் திருத்திய பக்கங்களுக்கும் புள்ளி உண்டு. கணித ஆசிரியர் கரும்பலகையில் செய்விப்பதும் ஏறத்தாழ இதுவே என்று நினைக்கிறேன். அவர் அதற்கும் சிறிது புள்ளி வைத்துப் பார்த்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. வேறு பாடசாலைகளில் விஞ்ஞான ஒப்படைகளுக்கு இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதினால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல எனக்கு உதவும்.