மறுமொழி: ‘பின்னிணைப்பு’ வேண்டாம், ‘வரத்திணைப்பு’ என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பிறர் தளத்திலிருந்து நம் பக்கத்துக்கு வரும் இணைப்பை ஆங்கிலத்தில் ‘பேக்லிங்க்’ (backlink) என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் பேச்சு.

> பின்னிணைப்பு என்றே பலரும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். இனி மாற்றுவானேன்?

மாற்றித்தான் ஆகவேண்டும் ஐயா. பின்னிணைப்பு என்றால் நூலின் கடைசியில் சேர்க்கும் வரைபடமும் ஆவண நகலும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அந்தச் சொல்லுக்கு வேலை ஏற்கெனவே இருக்கிறது.

மன்னார்குடியில் என் சித்தப்பா பாரம்பரிய நெல் விதை விற்கிறார். தூயமல்லி, கிச்சிலிச் சம்பாவுக்கெல்லாம் தனித்தனிப் பக்கம் போட்டு ஓர் இணையதளம் வைத்திருக்கிறார். போன மாதம் ஒரு தாளை நீட்டினார். கூகுளில் மேலே ஏற்றித் தருகிறோம் என்று யாரோ கொடுத்த விலைப்பட்டியல். நான்காவது வரியில் ‘500 பின்னிணைப்புகள்’. “ஏன்டா, நம்ம சைட்டுக்குப் பின்னாடி 500 பக்கம் சேக்கப்போறாங்களா?” என்றார். அதற்குள் பாதிப் பணம் கொடுத்தாகிவிட்டது. சொல் விளங்கியிருந்தால், யார் தளத்திலிருந்து வரும் இணைப்பு என்று முதலிலேயே கேட்டிருப்பார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறர் தளத்திலிருந்து நம் பக்கத்துக்கு வருவது இது. வருவதற்கு நம்மிடம் சொல் உண்டு: வரத்து. மேட்டூருக்கு நீர்வரத்து எத்தனை கன அடி என்று பார்த்துத்தான் டெல்டாவில் குறுவைக்கு நாற்று விடுகிறோம். ஏரிக்கு வரத்து வாய்க்கால் உண்டு. ஆகவே வரத்திணைப்பு. நம் பக்கத்திலிருந்து வெளியே போவது போக்கிணைப்பு. போக்கும் வரத்தும் சேர்ந்த ‘போக்குவரத்து’ தினமும் நம் வாயில் புழங்குவதால் இந்த இணை யாருக்கும் புதிதாகத் தோன்றாது.

ஓசைக்காக மட்டும் சொல்லவில்லை, இயக்கமும் பொருந்துகிறது. 1998இல் கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, இணைப்புகளை வைத்துப் பக்கங்களை மதிப்பிட ‘பேஜ்ரேங்க்’ என்ற முறையை வெளியிட்டார்கள். அதில் ஒரு பக்கத்தின் மதிப்பு அதிலிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்குச் சமமாகப் பங்கிடப்படும். மதிப்பு 6, போக்கிணைப்பு 3 என்றால் ஒவ்வொன்றுக்கும் 2. அதிலும் 0.85 பங்குதான் இணைப்பு வழியே போகும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று ஆறு பிரிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம் (ஆற்றில் பங்கு சமமில்லை என்பது மட்டும் வேறு). 200 வாய்க்கால் பிரியும் இடத்திலிருந்து நமக்கு எவ்வளவு வந்து சேரும்?

இப்படிச் சொன்னதும் சித்தப்பா உடனே கேட்டார்: “அந்த 500 வாய்க்காலுக்கும் தலைப்புல தண்ணி இருக்கா?” இல்லை. அந்த விற்பனைக்காரர் காட்டிய மாதிரித் தளங்களைத் திறந்து பார்த்தோம். எதையும் யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. ஒரே பக்கத்தில் செருப்புக் கடை, பல் மருத்துவம், கடன் விளம்பரம் என்று இணைப்புகள் குவிந்து கிடந்தன. விலைக்கு வாங்கும் இணைப்புகளைக் கூகுள் 2012இல் பென்குயின் என்ற தேடல் முறை மாற்றத்தைக் கொண்டுவந்ததிலிருந்து இன்னும் கடுமையாகப் பார்க்கிறது. நெல் ஆராய்ச்சி செய்யும் ஒரு கல்லூரிப் பக்கத்திலிருந்து தானாக வரும் ஓர் இணைப்பு இவை அத்தனையையும்விடப் பெரிது.

> வரத்து என்றால் தளத்துக்கு வரும் ஆட்கள் என்று குழப்பம் வராதா?

ஆட்களுக்கு ‘வருகை’ இருக்கிறது, வருகையாளர் என்றும் எழுதுகிறோம். ‘இணைப்பு’ ஒட்டிக்கொண்டே வருவதால் குழப்பத்துக்கு இடமில்லை. ‘பின்தொடுப்பு’ என்ற மாற்றை நான் ஏற்கவில்லை. தொடுப்பு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறு பொருள் இருக்கிறது. பெண்கள் படிக்கும் பயிற்சி வகுப்பில் அதை நான் கரும்பலகையில் எழுதமாட்டேன்.

எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத பக்கத்தை ‘அநாதைப் பக்கம்’ என்று மொழிபெயர்த்திருப்பதையும் மாற்றலாம். வரத்தற்ற பக்கம் எனலாம். சித்தப்பாவின் தூயமல்லிப் பக்கமே அப்படித்தான் கிடந்தது. முகப்பில் இணைப்புக் கொடுத்தபின்தான் தேடலில் வந்தது.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. இணைப்பு இருக்கும், ஆனால் மதிப்பைக் கடத்தாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ. ‘மதகடைத்த இணைப்பு’ என்று நினைத்தேன். ஆனால் 2005இல் வந்த அந்தக் குறியை 2019 முதல் கூகுள் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை, வெறும் யோசனையாகத்தான் கொள்கிறது. கசியும் மதகை அடைத்த மதகு என்று சொல்லலாமா? பாசனம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.