கோச் கத்தும்போது நீங்க என்ன பண்ணீங்க? நம்ம ஏரியா ஃபுட்பால் ரெஃப்ரிங்க வந்து சொல்லுங்க

வியாசர்பாடி ரெஃப்ரி:
கோச்சுங்க கூட நடந்தத எழுதுங்கப்பா, புதுசா விசில் எடுக்கற பசங்களுக்கு உதவும். நானே ஆரம்பிக்கறேன்.

முல்லை நகர் கிரவுண்டுல அண்டர் 14 மேட்ச். ஒரு பையன் சைடு லைன்ல இருந்து கையால லாங் த்ரோ போட்டான், டிஃபன்ஸுக்கு பின்னாடி தனியா நின்ன ஃபார்வர்டு வாங்கி கோல் அடிச்சிட்டான். உடனே எதிர் டீம் கோச் ஆஃப்சைடு ஆஃப்சைடுன்னு (கூட ஆடறவன் பால் குடுக்கறப்பவே டிஃபன்ஸ தாண்டி நின்னு வாங்கற தப்பு) தொண்டை கிழிய கத்தி வாட்டர் பாட்டில தூக்கி தரையில அடிச்சாரு, அவரப் பாத்து கோல்கீப்பர் பையனும் கையத் தூக்கிக்கினு வர்றான், வெளிய நின்னவங்களும் சேந்துக்கினாங்க. த்ரோ, கோல் கிக், கார்னர் மூணுலயும் பால் நேரா வந்தா ஆஃப்சைடே கிடையாது.

கிக் ஆஃப்க்கு முன்னாடி அவர்கிட்ட நடந்து போனேன், ஓடல, ஓடிப் போனா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும். "மாஸ்டர், த்ரோல ஆஃப்சைடு இல்ல, பசங்க உங்களத்தான் பாக்கறாங்க"ன்னு அவருக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்லிட்டு எச்சரிக்கையா எல்லோ கார்டு காட்டினேன். 2019ல இருந்து கோச்சுக்கும் கார்டு உண்டு, பாட்டில் வீசினா எல்லோன்னு ரூல்புக்லயே இருக்கு. "இன்னா சார், கோச்சுக்கே கார்டா?"ன்னாரு. "ஆமா மாஸ்டர்"னு சொல்லிட்டு திரும்பி வந்துட்டேன், அதுக்கு மேல பேசினா பேச்சு வளந்து மேட்சே நின்னுடும்.

அவர் மேல எனக்கு கோவம் இல்ல. வேலை முடிச்சிட்டு வந்து சாயங்காலம் காசு வாங்காம பசங்களுக்கு கத்துக் குடுக்கறவரு. அவர் சொல்றதுதான் அந்தப் பசங்களுக்கு வேதம், அதனாலதான் கண்டுக்காம விட எனக்கு மனசு வரல.

காசிமேடு விசில்:
எனக்கு நடந்தது பெஞ்சுல. பெனால்டி குடுத்தேன், பெஞ்சுல இருந்து எவனோ அம்மாவ இழுத்து அசிங்கமா திட்டினான், திரும்பிப் பாத்தா எல்லாரும் குனிஞ்சி ஷூ லேஸ் கட்டறாங்க. யாருன்னு தெரியலன்னா அந்த இடத்துல இருக்கற சீனியர் கோச்சுக்குதான் கார்டு, கெட்ட வார்த்தைக்கு நேரா ரெட், ஆள் வெளிய போகணும். காட்டினேன். "நான் வாயே தொறக்கலயே தலைவா"ன்னாரு, அது உண்மைதான், ஆனா பெஞ்சு அவர் பொறுப்பு. கமிட்டிக்காரங்க வந்து "விடு சார், ஏரியா ஆளு"ன்னு கெஞ்சறாங்க, அவர் வெளிய போற வரைக்கும் நான் விசிலே அடிக்கல. அடுத்த மேட்ச்ல அவரே பெஞ்சுல ஒவ்வொருத்தனையா அடக்கினாரு.

இன்னொன்னு, நம்ம கிரவுண்டுல கோச்சும் சப்ஸ்டிட்யூட்டும் உக்கார்ற டக்-அவுட் எல்லாம் ஏது, பிளாஸ்டிக் சேர்தான். மேட்சுக்கு முன்னாடியே சேர் போட்ட இடத்துல இருந்து ரெண்டு பக்கமும் 1 மீட்டர், முன்னாடி லைனுக்கு 1 மீட்டர் விட்டு சுண்ணாம்புல கட்டம் போட வெச்சிடுங்க. கோட்ட காட்டி உள்ள போங்கன்னு சொன்னா யாரும் வாதம் பண்றதில்ல, கோடு இல்லன்னா பாதி நேரம் அதுக்கே போயிடும்.

பெரம்பூர் அக்கா:
ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஆனா நான் ரெஃப்ரியா நின்னா சில கோச்சுங்க என்கிட்டயே பேச மாட்டாங்க. ஒருத்தர் மேட்ச் ஃபுல்லா லைன்ஸ்மேன் தம்பிகிட்ட "அந்தம்மாவுக்கு ஃபவுல்னா இன்னான்னு சொல்லுப்பா"ன்னுட்டே இருந்தாரு. பால் வெளிய போனதும் கிட்ட போய், "அண்ணா, விசில் என் கைல இருக்கு, கேக்கறத என்கிட்ட கேளுங்க, மரியாதையா கேட்டா பதில் சொல்றேன், இன்னொரு தடவ இப்படி பேசினா கார்டு"ன்னேன். தம்பியும் அதுக்கப்புறம் அவருக்கு பதிலே சொல்லல, அதுதான் எனக்கு பெரிய பலம், கூட நிக்கறவங்க விட்டுக் குடுத்தா நம்மால ஒன்னும் பண்ண முடியாது. ஹாஃப் டைம்ல அவரே வந்து ஹேண்ட்பால் எதுக்கு குடுக்கலன்னு கேட்டாரு, கை உடம்போட ஒட்டி இருந்துச்சுண்ணா, பால் தானா வந்து பட்டுச்சுன்னு சொன்னேன், தலையாட்டிட்டு போயிட்டாரு.

விசில் எடுக்கற பொண்ணுங்க யாராவது இதப் படிச்சா நீங்களும் எழுதுங்கம்மா. உங்க மேட்சுக்கு லைன்ஸ் நிக்க ஆள் இல்லன்னா சொல்லுங்க, நான் வரேன்.