உதவி: எந்த பட்டனை அழுத்தினாலும் ஒரே எண், ரிமோட் சிக்னலைப் பிரிக்க முடியல

புதுச்சுற்று: அவசரம் நண்பர்களே. ரிமோட்டோட சிக்னலை ஒரு போர்டுல படிச்சு, அதையே நானே அனுப்பப் பார்க்கறேன். ரிமோட்டை ரிசீவர் முன்னாடி நீட்டி அழுத்தினா 'தெரியாத வகை'ன்னு வருது. எந்த பட்டனுக்கும் ஒரே எண். பவருக்கு மட்டும் இரண்டு எண் மாறி மாறி வருது. அந்த எண்ணையே திருப்பி அனுப்பினேன், ஒண்ணும் நடக்கல. நாளைக்குள்ள முடிக்கணும்.

தாமிரக்கம்பி: எதோட ரிமோட்? டிவியா, ஏசியா? எந்த போர்டு, எந்த ரிசீவர்? ரா டைமிங் (துடிப்பு, இடைவெளி நீளங்கள்) எங்கே?

அலைவரிசை: மாறி மாறி வருதுன்னாலே ஆர்.சி.5ங்கற ரிமோட் சிக்னல் வகைதான். அதுல டாகிள் பிட் உண்டு, ஒவ்வொரு புது அழுத்தலுக்கும் 0, 1 மாறும். பிட்டை ஏற்ற இறக்கமா காட்டற மான்செஸ்டர் முறை, 14 பிட். அப்படியே பிரிச்சுப் பாருங்க.

சாலிடர்மணி: டாகிள்னா எல்லா பட்டனுக்கும் மாறணுமே. பவருக்கு மட்டும் ஏன்? எனக்கென்னவோ ரிமோட் 36 கிலோஹெர்ட்ஸ், ரிசீவர் 38னு தோணுது.

மூத்தகை: 36க்கும் 38க்கும் தூரம்தான் குறையும், பிட் மாறாது. கேரியரை, அதாவது அந்த 36, 38 அதிர்வை, ரிசீவரே வடிகட்டிடும், வெளியே வர்றது துடிப்பு நீளம் மட்டும்தான். தம்பி, அடிப்படையைப் படிச்சிட்டுக் கேளுங்க. 'தெரியாத வகை'ன்னு வந்தா அந்த எண் ரிமோட்டோட கோடே இல்ல, துடிப்பு நீளங்களை வெச்சு லைப்ரரி (சிக்னலைப் பிரிக்கற ரெடிமேட் புரோகிராம்) கணக்கிட்ட சுருக்க எண், ஹாஷ். அதை அனுப்பினா எந்தக் கருவி கேட்கும்? இதை இங்க எத்தனை தடவை எழுதியாச்சு.

புதுச்சுற்று: ஏசி ரிமோட். ஆர்டுயினோ ஊனோ போர்டு, வி.எஸ். 1838 ரிசீவர், லைப்ரரி பழைய பதிப்பு. ரா (மைக்ரோசெகண்டுல): 3450, 1700, 500, 1250, 500, 1250, 500, 370, 500, 370... 100 எண்ணோட நிக்குது. டெம்ப் கூட்டினாலும் குறைச்சாலும் அதே 100.

தாமிரக்கம்பி: அந்த 100தான் விஷயம். பழைய பதிப்புல ரா பஃபர், அதாவது இந்த எண்களைத் தேக்கி வைக்கற இடம், அவ்வளவுதான் கொள்ளும். ஏசி ரிமோட் டிவி மாதிரி பட்டனோட கோடை அனுப்பாது. பவர், மோடு, டெம்ப், ஃபேன்னு மொத்த நிலையையும் ஒரே மூச்சுல அனுப்பும். ஒரு பிட்டுக்கு துடிப்பு, இடைவெளின்னு இரண்டு எண், ஆக 100ல தலைப்பு (முதல் இரண்டு எண்) போக 6 பைட்தான் உங்க கைக்கு வருது. ஆன், ஆஃப் அந்த ஆறுக்குள்ள இருக்கு, அதனால பவர் மட்டும் மாறுது. டெம்ப் அதுக்கப்புறம். பஃபரை 300 ஆக்குங்க. ஒரு எண்ணுக்கு 2 பைட், 600 பைட் போகும். ஊனோவோட 2 கிலோபைட் ரேம் தாங்கும்.

இன்னொண்ணு: 500, 370னு தெரிஞ்சாலும் உண்மையில 450, 420 பக்கம் இருக்கும். இந்த ரிசீவர்கள் துடிப்பைக் கொஞ்சம் நீட்டி இடைவெளியைச் சுருக்கும்.

புதுச்சுற்று: இப்ப 291 வருது!! 18 பைட். 8ஆவது பைட் மட்டும் 24 டிகிரிக்கு 00010000, 25க்கு 10010000. கடைசி பைட்டும் கூடவே மாறுது. 16லிருந்து 144க்கு ஏன் தாவுது?

அலைவரிசை: ஏதோ குறியாக்கம் பண்ணியிருக்காங்க. எல்லா டிகிரிக்கும் அட்டவணை போட்டுக்குங்க.

தாமிரக்கம்பி: வேண்டாம். சின்ன மதிப்புள்ள பிட் முதல்ல வருது, திருப்பிப் படிங்க. 8, 9. டிகிரியிலிருந்து 16 கழிச்ச எண்.

அலைவரிசை: எந்தப் பக்கம் படிச்சா என்ன, அனுப்பும்போது அதே வரிசைதானே?

மூத்தகை: பதிவு பண்ணி அப்படியே ஒப்பிக்கறதுக்கு சரி. புதுசா ஒரு டிகிரியை நீங்களே உருவாக்கணும்னா கடைசி பைட் வேணும். அதுதான் செக்சம், சரிபார்க்கற தொகை: பெரும்பாலும் முந்தின பைட்டுகளோட கூட்டுத்தொகை, 255ஐத் தாண்டினா 256ஆல வகுத்த மீதி. தலைகீழாப் படிச்சா கூட்டல்ல அடுத்த இடத்துக்குப் போற எண் தப்புப் பக்கம் ஏறும், தொகை பொருந்தவே பொருந்தாது. செக்சம் தப்பா இருந்தா ஏசி பீப் கூட அடிக்காது.

அலைவரிசை: கேட்டவருக்கு ஒப்பிச்சா போதும்னுதான் சொன்னேன். ஆர்.சி.5 இல்லைங்கறதை ஒத்துக்கறேன்.

புதுச்சுற்று: முதல் 17ஐக் கூட்டினேன், கடைசி பைட் வந்துடுச்சு. பதிவே பண்ணாத 27 டிகிரியை அனுப்பினேன், ஏசி பீப் அடிச்சு எடுத்துக்கிச்சு. நன்றி எல்லாருக்கும், ஓடறேன்.

தாமிரக்கம்பி: போறதுக்கு முன்னாடி 18 பைட்டையும் இங்க ஒட்டிட்டுப் போங்க. ஃபேன் வேகம் எந்த பைட்ல இருக்குன்னும் பார்க்கணும்.

சாலிடர்மணி: மூணு நாள் ஆச்சு. ஃபேன் பைட் யாருக்காவது கிடைச்சுதா? எங்கிட்டயும் 291தான் வருது.