22 மாசம், சௌராஷ்டிரமும் தமிழும்: பேச்சு தாமதமா?

அம்மாப்பேட்டை_தறி:
பையனுக்கு 22 மாசம். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ். தெளிவாகச் சொல்வது ஏழெட்டுச் சொல்தான். மிக்ஸி போட்டால் திரும்பிப் பார்க்கிறான், அதனால் காது சரிதானே? ஒரு மொழியை நிறுத்தச் சொல்கிறார்கள். பாட்டி வசம்பு உரைத்து நாக்கில் தடவணும் என்கிறார்.

ஐந்துரோடு:
மொழியை நிறுத்தாதீங்க. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தள்ளிப்போகாது. முதலில் கணக்கைச் சரியாகப் போடுங்க. பாலுக்கு இரண்டு மொழியிலும் சொல் இருந்தால் இரண்டு. வண்டிக்கு எப்போதும் 'டுர்ர்' என்றால் அதுவும் ஒன்று. 24 மாசத்துக்குள் சுமார் 50 சொல்லும், 'அம்மா வா' மாதிரி இரட்டைச் சொல்லும் வந்திருக்கணும். எண்ணியும் பத்தைத் தாண்டவில்லை என்றால் குறைவுதான். வசம்பால் பேச்சு வராது.

கோரிமேடு_செவி:
மிக்ஸி சத்தத்தை வைத்துக் காதை முடிவு பண்ணவே கூடாது. நடுக்காதில் நீர் கோத்த குழந்தையும் அந்த இரைச்சலுக்குத் திரும்பும். மெல்லப் பேசுவது மட்டும் மங்கலாக விழும். ச, ஸ மாதிரி கீச்சு ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தையும் உண்டு. பிறந்தபோது செய்த சோதனையில் தேறியிருந்தாலும் இப்போது மறுபடி பாருங்க. ஓஏஇ (உட்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) சில நிமிஷ வேலை. பெரா (ஒலி காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் சோதனை) என்றால் குழந்தை தூங்கணும், அதனால் தூங்கும் நேரத்துக்கு முன்பதிவு பண்ணுங்க. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்க. ஏற்காடு பக்கம் இருப்பவர்கள் அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டினால் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

சேர்வராயன்:
ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க. மூணு வயசு வரை விடுங்க.

ஐந்துரோடு:
ஆண், பெண் குழந்தைகளுக்குள் வித்தியாசம் ஒன்றிரண்டு மாசம்தான், வருஷக்கணக்கில் இல்லை. தானாகத் தேறும் குழந்தைகள் உண்டு, ஆனால் யார் தேறுவார் என்று வீட்டில் இருந்தபடி சொல்ல முடியாது. விரலால் சுட்டிக் காட்டவில்லை, பேர் சொன்னால் திரும்பவில்லை, வந்த சொல் போய்விட்டது என்றால் ஒரு மாசம்கூடக் காத்திருக்காதீங்க.

சோதனைக்குப் போகும்வரை வீட்டில்: 'இது என்ன, சொல்லு சொல்லு' என்று பரீட்சை வைக்காதீங்க, வாய் மூடிக்கொள்ளும். 'மாம்பழமா, வாழைப்பழமா?' என்று இரண்டையும் காட்டிவிட்டுப் பத்து விநாடி சும்மா இருங்க. (பாட்டிமார்களுக்கு இதுதான் கஷ்டம்.) அவன் 'பழம்' என்றால் 'மஞ்சப் பழம்' என்று ஒரு சொல் கூட்டிக் கொடுங்க. போன் காட்டிச் சோறு ஊட்டினால் பேச்சுக்குக் கிடைக்கும் நல்ல நேரம் அதோடு போச்சு.

வகுப்பறை_8ஆ:
ர, ழ மழலையாக வருவது நாலைந்து வயது வரை சகஜம், அதற்குள் நாக்குக்கு அடியில் உள்ள சவ்வை அறுக்க ஓடாதீங்க. ஆனால் தாமதமாகப் பேசியவர்களில் சிலருக்குச் சிக்கல் படிப்பில் மறுபடி தலைகாட்டும். சரளமாகப் பேசுவான், ஆனால் பத்தியைப் படித்துச் சுருக்கச் சொன்னால் திணறுவான், 'கை கழுவினான்' என்றால் சோப்பைத் தேடுவான். ஆறாம் ஏழாம் வகுப்பில் அப்படித் தெரிந்தால் டியூஷனைக் கூட்டுவதற்கு முன் பேச்சுப் பயிற்சியாளரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) மொழித்திறனைச் சோதிங்க.