அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த நாள்: ஜூன் 19ஆ, டிசம்பர் 6ஆ?

கல்வெட்டு:
அடிமை முறை முடிந்த நாள் என்று ஜூன் 19ஐ அமெரிக்கா 2021 முதல் தேசிய விடுமுறையாக அனுசரிக்கிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. 1865இல் அந்த நாளில் டெக்சஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்க அரசுப் படையின் ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர், டெக்சஸ் அடிமைகளுக்கு விடுதலை என்று ஓர் ஆணை பிறப்பித்தார், அவ்வளவுதான். அன்றைக்கும் கென்டக்கியிலும் டெலவேரிலும் மனிதர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள். அதிபர் லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம், உள்நாட்டுப் போரில் நாட்டிலிருந்து பிரிந்து கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டும்தான். இந்த இரண்டு மாநிலங்களும் பிரிந்து போகவில்லை. 1865 டிசம்பர் 6இல், நாடு முழுவதும் அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் உறுதியான பிறகுதான் அங்கே விடிந்தது.

செவ்வானம்:
சட்டக் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விடுதலை பெற்றவர்களே எந்த நாளைக் கொண்டாடினார்கள்? பிரகடனம் வந்து இரண்டரை வருடம் ஆகியும் டெக்சஸில் சுமார் 2,50,000 பேர் அடிமைகளாகவே உழைத்தார்கள். படை வந்து இறங்கிய பிறகுதான் எஜமானர்கள் மசிந்தார்கள். மறு வருடமே விழா தொடங்கிவிட்டது. ஹூஸ்டனில் அந்த மக்கள் 1872இல் கையில் இருந்ததைச் சேர்த்து, விழா எடுக்கவென்றே பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அது இன்றும் பூங்காவாக இருக்கிறது. அடிமைத் தளையிலிருந்து வந்து ஏழே வருடத்தில் சொந்த மண்! இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கல்வெட்டு:
நிலம் வாங்கியது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த ஆணையை முழுதாகப் படித்தீர்களா? சில வரிகள்தான். விடுதலை என்று சொன்ன கையோடு, இருக்கும் வீட்டிலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், ராணுவ முகாம்களில் வந்து கூடக் கூடாது, சும்மா இருப்பவர்களுக்கு ஆதரவு கிடையாது என்கிறது. இதையா கொண்டாடுவது?

நீலமலை:
இடையில் வருகிறேன். டிசம்பர் 6 மட்டும் குறையில்லாததா? குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்று அந்தத் திருத்தத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் தென் மாநிலங்கள் கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்டன. கென்டக்கி அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் தந்ததே 1976இல்தான்.

செவ்வானம்:
அதேதான். ஜூன் 19ஐ தேசிய விடுமுறையாக்கக் கோரி, டெக்சஸைச் சேர்ந்த ஓபல் லீ என்ற மூதாட்டி 2016இல், 89 வயதில், ஃபோர்ட் வொர்த்திலிருந்து வாஷிங்டனை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு ஊரிலும் இரண்டரை மைல். அந்த இரண்டரை வருடத் தாமதத்தை நினைவூட்டத்தான். எந்தச் சட்டத் திருத்தத்துக்காகவும் அந்தக் கால்கள் நடக்கவில்லை.

கல்வெட்டு:
அவர் நடையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜூன் 19 இருக்கட்டும். ஆனால் கென்டக்கியில் டிசம்பர் வரை காத்திருந்தவர்களுக்கும் நாள்காட்டியில் ஓர் இடம் வேண்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.