வீட்டில் இருப்பதை வைத்து என்ன சமைக்கலாம்: தேடுவதில் உங்கள் அனுபவம்?

பின்னடுப்பு:
இருக்கும் பொருட்களைத் தட்டினால் என்ன சமைக்கலாம் என்று சொல்லும் தளங்களும் செயலிகளும் ஏராளம். இருபது பொருளைக் கொடுத்தால் குறிப்புகள் கொட்டும், பாதிக்கு மேல் கையில் இல்லாத ஏதாவது ஒன்றைக் கேட்கும். எப்படித் தேடினால் உருப்படியாகக் கிடைக்கிறது, கிடைத்த குறிப்பில் எதை மாற்றலாம், எதை மாற்றினால் கெடும் என்பதை இங்கே சேர்த்து வைப்போம். சொந்தக் கதை வேண்டாம். அளவையும் காரணத்தையும் எழுதுங்கள்.

என் பங்கு முதலில். எல்லாப் பொருளையும் கொடுக்காதீர்கள். முதலில் கெடப்போவது எது என்று பாருங்கள்: கீரை, காளான், திறந்த பால், பழுத்துப்போன தக்காளி. அதில் ஒன்று. கூடவே வயிற்றை நிரப்பும் பொருள் ஒன்று: அரிசி, முட்டை, உருளைக்கிழங்கு, பயறு. மூன்றாவதாகச் சமைக்கும் முறை: வதக்கல், சூப், அவனில் சுடுவது. இந்த மூன்று சொல் போதும். உப்பு, எண்ணெய், வெங்காயம், பூண்டு எல்லாம் ஏறக்குறைய எல்லாக் குறிப்பிலும் இருப்பதால் அவற்றைத் தட்டுவதால் முடிவு சுருங்காது. செயலியில் 'எப்போதும் இருப்பவை' என்று குறிக்கும் வசதி இருந்தால் ஒரு தடவை அதில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

சாதாரணத் தேடுபொறியில் வேண்டாததை நீக்கக் கழித்தல் குறி உண்டு: காளான் முட்டை -கிரீம். குறிக்கு முன்னால் இடைவெளி வேண்டும், பின்னால் கூடாது. பின்னால் இடைவெளி விட்டால் கிரீம் போட்ட குறிப்புகளும் வந்து நிற்கும்.

இன்னொன்று, 'எல்லாம் இருக்கிறது' என்று வரும் பட்டியலைவிட 'ஒன்று குறைகிறது' என்ற பட்டியல்தான் பயன். குறையும் அந்த ஒன்று பல நேரம் மேலே தூவும் தழையாகத்தான் இருக்கும்.

தராசுமுள்:
இந்தச் செயலிகள் பெரும்பாலும் பெயரை மட்டும் பொருத்துகின்றன, அளவைப் பார்ப்பதில்லை. முட்டை என்று தட்டினால் ஒன்று இருக்கிறதா ஆறு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆகவே குறிப்பைத் தேடுவதைவிட விகிதத்தைத் தெரிந்துகொள்வது மேல் என்பேன். இருக்கும் அளவுக்குக் கூட்டலாம், குறைக்கலாம்.

ஓடு நீக்கிய முட்டை ஒன்று சுமார் 50 கிராம். கஸ்டர்டுக்கு எடையில் முட்டை ஒரு பங்கு, பால் இரண்டு பங்கு, அதாவது 2 முட்டைக்கு 200 மில்லி. காய் போட்ட கனத்த ஆம்லெட்டுக்கு 6 முட்டை, 60 மில்லி பால், சமைத்த காய் 2 கப், 25 சென்டிமீட்டர் தவா. மூன்று முட்டைதான் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கி, தவாவையும் சிறிதாக்குங்கள். பெரிய தவாவிலேயே ஊற்றினால் மெல்லிய தாளாகி அடி காய்ந்துவிடும். இதில் எந்தக் காயும் போகும், ஆனால் தண்ணீர் விடும் காயைப் பச்சையாகப் போட்டால் ஆம்லெட் அழும். காளானில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அகலமான பாத்திரத்தில், ஒன்றன்மேல் ஒன்று விழாமல், சிணுசிணுப்பு அடங்கும்வரை வதக்கிய பிறகே முட்டையில் சேர்க்க வேண்டும். கீரையை வதக்கி, ஆறவைத்து, கையால் பிழியுங்கள்.

வெள்ளை சாஸுக்கு 240 மில்லி பால், 2 மேசைக்கரண்டி வெண்ணெய், 2 மேசைக்கரண்டி மைதா. சூப்புக்குத் தளர்வாக வேண்டுமானால் வெண்ணெயும் மைதாவும் தலா 1 மேசைக்கரண்டி. மைதா இல்லாமல் சோளமாவு இருந்தால் பாதி அளவு போதும், ஆனால் முறை வேறு: குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் பாலில் ஊற்றி, ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்குங்கள். சூட்டில் நேராகத் தூவினால் கட்டி, நெடுநேரம் கொதித்தால் மறுபடி நீர்த்துப்போகும்.

கப் அளவை நம்பி கேக் செய்யாதீர்கள். கரண்டியால் அள்ளிப் போட்டு மட்டம் தட்டிய மைதா ஒரு கப் சுமார் 120 கிராம். கப்பையே மாவுக்குள் விட்டு அமுக்கி எடுத்தால் 150 வரை போகும். கால் பங்கு கூடுதல் மாவு, அதுதான் கேக் வறண்டுபோகக் காரணம்.

குக்கர்விசில்:
பயறு விஷயத்துல ஒரு கணக்கு. பல குறிப்புல 'ஒரு டின் கொண்டைக்கடலை'ன்னு இருக்கும், நம்ம கையில காய்ஞ்சதுதான் இருக்கும். 400 கிராம் டின்னுன்னா தண்ணி வடிச்ச எடை சுமார் 240 கிராம். அதுக்குக் காய்ஞ்ச கடலை 100 கிராம் ஊறப்போட்டா சரியா வரும்.

ஊறவைக்கிற தண்ணியில லிட்டருக்கு 15 கிராம் உப்புப் போடுங்க. உப்பு போட்டா வேகாதுன்னு சொல்றது தப்பு. தோல்ல இருக்கிற கால்சியம், மெக்னீசியத்தோட இடத்துல சோடியம் போய் உக்காருறதால தோல் இன்னும் மெத்துன்னு ஆகும். வேகவிடாம தடுக்குறது புளிப்புதான். தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதுவா இருந்தாலும் பயறு மசிஞ்ச அப்புறம் போடுங்க. 'எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல போட்டு மூடு'ன்னு வர்ற குறிப்புல காய்ஞ்ச பயறும் தக்காளியும் சேர்ந்து இருந்தா, அது டின் பயறுக்கு எழுதின குறிப்பு. உருளைக்கிழங்குக்கும் இதே கதைதான், புளிப்புல வெந்தா உள்ளே கடுக்குன்னு நிக்கும்.

சிவப்பு கிட்னி பீன்ஸ் மட்டும் தனி. அதுல இருக்கிற லெக்டின்ங்கிற நச்சுப் புரதம் வயித்தைப் புரட்டிப் போட்டுடும். குறைஞ்சது 5 மணி நேரம் ஊறவைச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில தளதளன்னு 30 நிமிஷம் கொதிக்க விடுங்க. ஸ்லோ குக்கர்ல காய்ஞ்சதை நேரா போடவே கூடாது. அந்தச் சூட்டுல அரைகுறையா வெந்தா பச்சையா இருக்கிறதைவிட மோசமாகலாம். டின்ல வர்றது ஏற்கெனவே வெந்தது, பயம் இல்ல.

உப்புக்கல்:
மாற்றுப் பொருள் பட்டியல்கள் எல்லாத் தளத்திலும் கிடக்கின்றன. அந்தப் பொருள் குறிப்பில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமல் மாற்றினால் பட்டியலால் பயனில்லை. முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்லெட்டில் அது பிடிப்புக்கு, அங்கே 1 மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை 3 மேசைக்கரண்டி நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் ஒரு முட்டையின் வேலையைச் செய்யும். ஸ்பஞ்ச் கேக்கில் அது காற்றைப் பிடித்துவைக்க, அங்கே ஆளிவிதை போட்டால் களிதான். கொண்டைக்கடலை வெந்த கெட்டி நீர் அடித்தால் நுரைக்கும், முட்டைக்கு 3 மேசைக்கரண்டி. ஆனால் கஸ்டர்டில் இரண்டுமே உதவாது, அங்கே முட்டை உறைவதுதான் பண்டமே.

பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டிக்குப் பதில் சமையல் சோடா ¼ தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ½ தேக்கரண்டி. சோடாவை மாவிலும் சாற்றை ஈரப் பொருளிலும் கலந்து, இரண்டும் சேர்ந்ததும் உடனே அவனுக்குள் வைக்க வேண்டும். பேக்கிங் பவுடர் பெரும்பாலும் சூட்டில் இரண்டாம் முறை பொங்கும், இதற்கு அந்த வசதி கிடையாது. மோர் கேட்கும் குறிப்புக்கு 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, 240 மில்லி ஆகும்வரை பால் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள்.

கிரீம் இல்லை, தயிர் இருக்கிறது என்றால் ஒரு கப்புக்கு 1 தேக்கரண்டி சோளமாவு அடித்துக் கலந்து, குழம்பின் சூடான நீரைக் கரண்டி கரண்டியாகத் தயிரில் விட்டுப் பழக்கி, அடுப்பைத் தணித்துச் சேருங்கள். கொழுப்பு நீக்கிய தயிர் சீக்கிரம் திரியும். தழைக்குப் பதில் உலர்ந்தது என்றால் மூன்றில் ஒரு பங்கு. கல்லுப்புக்குப் பதில் தூளுப்பைக் கரண்டிக்குக் கரண்டி போடாதீர்கள், எடையில் மாற்றுங்கள்.

மீதிச்சோறு:
பின்னடுப்பு சொன்ன வரிசையில் எனக்கு ஒரு மறுப்பு. கெடப்போவதை முதலில் எடு என்பது சரி, கெட்டுப்போனதைக் காப்பாற்ற முயலாதே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'மீந்த சோறு' என்று தட்டியதும் பத்து வறுவல் குறிப்புகள் வரும், அந்தச் சோறு இரவு முழுக்க வெளியே இருந்ததா என்று ஒன்றும் கேட்காது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீருக்குச் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நிற்கையில் பெருகி நஞ்சை விடும், அந்த நஞ்சு மறுபடி வறுத்தாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழ் வைத்தால், மறுநாள் வறுக்க அதுவே உதிரியாக நன்றாக வரும்.

பூஞ்சை பிடித்த ரொட்டி, தயிர், பெர்ரி குப்பைக்குப் போகட்டும். கெட்டியான சீஸில் மட்டும் அந்த இடத்தைச் சுற்றி 2.5 சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். தண்ணீரில் மிதக்கும் முட்டை பழையது என்று பொருள், கெட்டது என்றே பொருளில்லை. தனிக் கிண்ணத்தில் உடைத்து மோந்து பாருங்கள்.

பின்னடுப்பு:
மறுப்பு நியாயம். செயற்கை நுண்ணறிவிடம் கேட்பதைப் பற்றி யாராவது?

தராசுமுள்:
உதவும், கேட்கும் விதத்தில் கேட்டால். பெயர்ப் பட்டியல் மட்டும் கொடுக்காமல் எடை, அடுப்பா அவனா, எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லி, 'புதிதாக எதையும் வாங்க மாட்டேன்' என்றும் சேருங்கள். முழுக் குறிப்பைக் கேட்காமல் ஐந்து பண்டங்களின் பெயரை மட்டும் கேளுங்கள். அதில் பிடித்ததை எடுத்து, மனிதர் சமைத்து எழுதிய இரண்டு குறிப்புகளைத் தேடி ஒப்பிடுங்கள். மாவு, ஈரம், சோடா அளவுகள் மூன்றிலும் ஒத்துப்போனால் சமைக்கலாம்.

கொடுத்ததை எல்லாம் அது உணவுப் பொருள் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். 2023-இல் நியூசிலாந்தில் ஒரு பேரங்காடியின் சமையல் செயலியில் பயனர்கள் வேண்டுமென்றே ப்ளீச், அம்மோனியா என்று தட்டியபோது, நச்சு வாயு கிளம்பும் கலவையை அது பானமாகப் பரிந்துரைத்தது. அந்த அபத்தம் எல்லோருக்கும் கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வை என்பதுபோன்ற வரி. எண்ணெய்க்கு அடியில் காற்று புகாது, கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமிக்கு அது வசதி. அப்படிச் செய்தால் ஃப்ரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் தீர்க்க வேண்டும்.

குக்கர்விசில்:
ஒண்ணுமே ஒத்துவரலைன்னா, கேரட், உருளை, காலிஃபிளவர், பூசணின்னு கெட்டியான காய் எது இருந்தாலும் 2.5 சென்டிமீட்டர் துண்டு, அரை கிலோவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய், அவன்ல 220 டிகிரி, 30லிருந்து 40 நிமிஷம், பாதியில ஒரு தடவை புரட்டுங்க. தட்டுல துண்டுக்குத் துண்டு இடைவெளி விடுங்க, நெருக்கிப் போட்டா ஆவியில வெந்து தொளதொளன்னு ஆயிடும். மேல ஒரு முட்டை பொரிச்சுப் போட்டா முடிஞ்சது.